ஒன்பதாவது கேள்வி

சபையில் யாராவது இறந்துபோனால் நிகழ்ச்சி நிரல் கெட்டுவிடுகிறது என்பது செயலாளரின் நெடுநாள் குறை. அவர் முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் நேர அட்டவணை தயாரித்து ஓய்வு பெற்றவர். அங்கே ரயில்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அந்த ஆற்றாமையை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வந்து சபையில் இறக்கினார். ஆராதனை பத்தரைக்கு முடிந்தாக வேண்டும் என்றார், முடிந்தது. பிரசங்கம் இருபத்திரண்டு நிமிடத்துக்குச் சுருங்கியது. பாடகர் குழு வாலைச் சுருட்டிக்கொண்டது. அடங்காதவர்கள் செத்தவர்கள் மட்டும்தான். சொல்லாமல் கொள்ளாமல் செத்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்கள் மூன்று நிமிடம் என்று மேடையேறி முப்பது நிமிடம் அழுதார்கள். போன மாதம் ஒரு நர்ஸம்மாவின் அடக்கம் நாற்பது நிமிடம் தாமதமாகி, அதே மாலை நடக்க வேண்டிய கல்யாணத்துக்கு வந்த மணப்பெண்ணும் வெளியே போக வேண்டிய சவப்பெட்டியும் ஒரே வாசலில் எதிரும் புதிருமாக நிற்க வேண்டியதாயிற்று. செயலாளர் அன்று சாப்பிடவில்லை.

அந்தப் பட்டினியில் பிறந்ததுதான் ‘புறப்பாட்டு ஆயத்தப் படிவம்’. ஐம்பத்தைந்து வயது தாண்டிய ஒவ்வொருவரும் தம் அடக்கத்துக்கான விவரங்களை உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் கொடுக்காதவர்களுக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. ஏற்கெனவே பேசி வைத்த இடமும் போய்விடும். இதைக் கமிட்டி ஒருமனதாக நிறைவேற்றியது. கமிட்டியில் எதுவும் ஒருமனதாகத்தான் நிறைவேறும், ஏனென்றால் இரண்டாவது மனதுக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

லிஃப்ட்காரரின் கைக்குப் படிவம் வந்த அன்று காலையில்தான் அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட்டுகளைச் சோதித்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. சபையிலும் அவருக்கு அதுதான் பெயர். நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு, அடுத்த மாதம் முதல் புதன்கிழமை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயப்படாதீர்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்றும் சொன்னார். அதைச் சொன்ன பிறகுதான் லிஃப்ட்காரருக்குப் பயம் வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை பிடிக்கிற பிரேக்கை அவர் ஒரு நாளும் பாஸ் செய்ததில்லை.

அவர் மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. கல்லறைத் தோட்டத்தில் கிழக்குச் சுவரை ஒட்டி அவள் கிடக்கிறாள். பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. அந்த இடம் அவருக்கு. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்த வெற்றிடத்தில் காலை ஊன்றி நின்றுகொண்டு, வாரம் முழுக்க நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டு வருவார். இருந்தபோது இவ்வளவு பேசியதில்லை என்பது வேறு விஷயம். ஆபரேஷனில் ஏதாவது ஆனாலும் போகிற இடம் தெரிந்த இடம், பக்கத்தில் தெரிந்த ஆள் என்பது ஒன்றுதான் அவர் பிடித்துக்கொண்டிருந்த கயிறு. இப்போது அந்தக் கயிற்றின் இன்னொரு முனை நாலு பக்கப் படிவமாக அவர் மேஜையில் கிடந்தது.

கேள்விகள் பத்து. விரும்பும் பாடல்கள் எவை (இரண்டுக்கு மிகாமல், தலா இரண்டு சரணம்). எதிர்பார்க்கும் கூட்டம் எவ்வளவு (இருநூறுக்கு மேல் என்றால் வாகனம் நிறுத்த முன் அனுமதி). சத்தம் போட்டு அழக்கூடியவர்களின் பெயர், தொலைபேசி எண். இந்தக் கேள்விக்கு அவர் மகளின் பெயரை எழுதினார், பிறகு சத்தம் என்ற சொல்லை யோசித்துவிட்டு அடித்தார், பிறகு அழவே மாட்டாளோ என்ற பயம் வந்து மறுபடி எழுதினார். சொல்லத்தக்க நற்செயல்கள் மூன்று, ஆதாரத்துடன். சவப்பெட்டி தூக்கும் ஆறு பேரின் உயரம். எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பினார். ஒன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

‘உயிர்த்தெழுவேன் என்ற நிச்சயம் எனக்கு உண்டு. ஆம் / இல்லை. ஏதேனும் ஒன்றில் டிக் போடவும்.’

முப்பத்தொரு வருடமாக அவர் டிக் போட்டுத்தான் சாப்பிடுகிறார். ஒரு லிஃப்ட்டுக்கு நாற்பத்திரண்டு கட்டம். கம்பி வடம், பிரேக், கதவுப் பூட்டு, அடியில் இருக்கும் ஸ்பிரிங் என ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பேனா பேப்பரில் இறங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை பார்த்த ஒருவர், கீழே குழியில் இறங்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்த இடத்திலேயே டிக் போட்டார். அடுத்த வாரம் அந்த லிஃப்ட் மூன்று மாடி விழுந்து ஒரு தபால்காரரின் கால் போனது. அன்றிலிருந்து தொடாததற்கு டிக் இல்லை என்பது அவருக்குக் கை வந்த பழக்கம், மாற்ற முடியாத பழக்கம்.

அவருக்கு நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தினமும் ஜெபம் பண்ணுகிறவர். உயிர்த்தெழுதல் உண்மையாக இருக்க வேண்டும் என்று இந்த உலகத்தில் அவர் அளவுக்கு யாரும் ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஆசை வேறு, நிச்சயம் வேறு. ‘ஆம்’ என்று போட்டால் பொய்க் கையெழுத்து. ‘இல்லை’ என்று போட்டாலோ, மனைவி அங்கே மண்ணோடு மண்ணாகப் போனாள், கதை முடிந்தது என்று சான்றிதழ் கொடுத்தது போல. அதற்கும் கை வரவில்லை. இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நெஞ்சு இறுகியது. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார்.

மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டபடியே படிவத்தைப் பார்த்தாள்.

“அம்மா பக்கத்துல இடம் வேணுமா, வேணாமா? கண்ணை மூடிட்டு ஆம்னு போடுங்கப்பா.”

“கண்ணை மூடிட்டு நான் எதுக்கும் போட்டதில்லம்மா.”

அவள் டப்பாவை அழுத்தி மூடினாள். அப்புறம் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. கோபமில்லை, அவளுக்கும் பயம்தான். அது அவருக்கும் தெரியும்.

செயலாளரின் மேஜைக்கு முன்னால் படிவத்தை நீட்டியபோது, அவர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு கேள்வியாகத் தட்டிக்கொண்டே வந்து ஒன்பதில் நிறுத்தினார். லிஃப்ட்காரர் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே திருட்டுக் குரலாகக் கேட்டது. செயலாளர் கோபப்படவில்லை. கோபத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

“பாருங்க, உங்களுக்கு நிச்சயம் இருக்கா இல்லையாங்கறது உங்க சொந்த விஷயம். அதுல நாங்க தலையிட மாட்டோம். எங்களுக்கு வேண்டியது டிக் மட்டும்தான். ஆம்னா கிழக்குச் சுவர். இல்லைன்னா கேட்டுக்கு வெளிய முனிசிபாலிட்டி இடம். வெறுமையா விட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. கம்ப்யூட்டர் எடுத்துக்காத ஆளை நான் எப்படி மண்ணுக்குள்ள எடுத்துக்க முடியும்?”

புதன்கிழமை ஆபரேஷன் என்று லிஃப்ட்காரர் மெதுவாக நினைவூட்டினார். செயலாளரின் முகம் மலர்ந்தது. தேதி முன்கூட்டியே தெரிவது எவ்வளவு நல்ல விஷயம், எல்லாரும் இப்படி இருந்தால் சபை எங்கேயோ போயிருக்கும் என்று மனமாரப் பாராட்டி, வியாழன் மாலை நாலு மணியைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டார். “பென்சில்தான். தேவைப்படலன்னா அழிச்சிடலாம்” என்றார்.

அங்கிருந்து பாஸ்டரிடம் அனுப்பினார்கள். விதிப்படி ஒன்பதாவது கேள்வியில் சிக்கலுள்ளவர்களுக்கு இருபது நிமிட ஆலோசனை. பாஸ்டர் சின்ன வயது. நல்ல மனிதர், ஆனால் வருடா வருடம் அவரை வைத்துக்கொள்ளலாமா என்று கமிட்டி ஓட்டுப் போடுவதால், வாசற்பக்கம் நிழல் ஆடினாலே எழுந்து நின்றுவிடுவார். மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. புதிய விதிப்படி அடக்க உரையை முன்பே எழுதி, சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வாசிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வாசித்தார்.

நம் அருமைச் சகோதரர் சந்தேகம் என்பதையே அறியாதவர். மரண வேளையிலும் அவர் முகத்தில் புன்னகை மாறவில்லை. நேற்றுவரை நம்மிடையே இருந்தார், இன்று இல்லை.

மற்றதெல்லாம் போகட்டும், அந்த ‘இன்று இல்லை’யை ஓர் இளைஞன் தன் முகத்தைப் பார்த்தே வாசிப்பதை லிஃப்ட்காரரால் தாங்க முடியவில்லை. புன்னகையோடு போவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“எல்லாருக்கும் ஒரே டிராஃப்ட்தான் ஐயா. அம்மாமாருக்குச் சகோதரின்னு மாத்திக்குவோம்.” பாஸ்டர் காகிதத்தை மடித்தார். “நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. முதல்ல டிக் போடுங்க. நிச்சயம் பின்னாடியே வந்துரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு.” கொஞ்சம் யோசித்தார். “வந்துரும்னுதான் நினைக்கிறேன்.”

அப்போது வாசற்பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. பாஸ்டர் எழுந்து நின்றார். ஆலோசனைச் சான்றில் ‘பலன்’ என்ற இடத்தில் ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று அவசரமாக எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சான்றைக் கண்டதும் செயலாளர் ஒரு வழி சொன்னார். கமிட்டி நேரில் விசாரித்து முடிவு செய்யலாம். அதற்கு ஒரு மனு கொடுக்க வேண்டும், மனுவை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் மனுதாரர் அடக்க ஒத்திகைக்கு ஒத்துழைக்க வேண்டும். சபைக்குள்ளிருந்து கல்லறைத் தோட்டத்து வாசல்வரை பெட்டி போய்ச்சேர எத்தனை நிமிடம் என்று அளக்க வேண்டியிருக்கிறது. மணல் மூட்டை வைத்துப் பார்த்தார்களாம், மூட்டை ஒரு பக்கமாகச் சரிந்து கணக்குத் தப்பாகிவிட்டதாம். சராசரி உயரம், சராசரி எடை, மனுதாரர் இரண்டுக்கும் பொருந்துகிறார்.

அந்த வாரமே வியாழக்கிழமை பிற்பகல் லிஃப்ட்காரர் மாதிரிச் சவப்பெட்டிக்குள் படுத்தார். படுத்தார் என்று எழுதுவது சுலபம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தபோது மறு கால் வர மறுத்தது. எத்தனையோ மாடிக் கட்டடங்களில் கும்மிருட்டான லிஃப்ட் குழிக்குள் தன்னந்தனியாக இறங்கியவர், அரை மீட்டர் ஆழப் பெட்டிக்குள் ஒற்றைக் காலோடு நின்றுவிட்டார். கிழக்குச் சுவரை நினைத்துக்கொண்டு மறு காலையும் உள்ளே எடுத்து வைத்தார். செயலாளர் கையில் நிறுத்துக் கடிகாரம். மூச்சு விடுவது வெளியே தெரியாமல் இருந்தால் நல்லது, தூக்குகிறவர்களுக்குக் கவனம் சிதறும் என்று கேட்டுக்கொண்டார். மூடியையும் வைத்தால்தான் சரியான எடை வரும் என்று யாரோ சொன்னார்கள். மூடியையும் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

உள்ளே மரவாடையும் அவருடைய மூச்சும் மட்டும் இருந்தன. இதுதானா, இவ்வளவுதானா என்று நினைத்தார். மனைவியும் இப்படித்தான் போனாள், தூக்குகிறவர்களின் காலடிச் சத்தத்தைக் கேட்காமல். கேட்டிருப்பாளோ? நெஞ்சு படபடவென்று அடித்துப் பலகையில் மோதுவது போலிருந்தது. ஆண்டவரே, இப்போது வேண்டாம், ஒத்திகையில் வேண்டாம் என்று உதட்டை அசைக்காமல் கெஞ்சினார். பிடிமானத்துக்காகத் துழாவிய கை பக்கப் பலகையில் எதையோ தொட்டது. பழக்கதோஷம், விரல் தானாகவே திருகிப் பார்த்தது.

“வலது பக்கம் ரெண்டாவது கைப்பிடி, திருகாணி கழண்டு கிடக்கு” என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

தூக்கிக்கொண்டிருந்த ஆறு பேரில் இருவர் பெட்டியை விட்டுவிட்டு ஓடினார்கள். பெட்டி சாய்ந்தது. கைப்பிடியும் அவர் சொன்னபடியே கையோடு வந்துவிட்டது. மூடியைத் திறந்தபோது லிஃப்ட்காரர் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தார். செயலாளர் கடிகாரத்தை நிறுத்தி, பிணம் பேசியதால் ஒத்திகை செல்லாது என்று குறிப்பெழுதினார். ஆனாலும் ஒத்துழைப்பு ஒத்துழைப்புதான். மனு சனிக்கிழமைக் கமிட்டிக்குப் போனது.

கமிட்டி அறையில் நீள மேஜை, ஒரு பக்கம் ஒன்பது பேர், எதிர்ப்பக்கம் ஒற்றை நாற்காலி. நடுவில் தலைவர். எண்பத்தொரு வயது, ஒரு காலத்தில் தலைமையாசிரியர். அவர் செருமினால் மற்ற எட்டுப் பேரும் பேனாவை எடுப்பார்கள். மகளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு லிஃப்ட்காரர் தனியாக உள்ளே போனார். இந்த அறையை விட்டு வெளியே வரும்போது மனைவி பக்கத்தில் இடம் இருக்கும் அல்லது இருக்காது என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

செயலாளர் விவரத்தை வாசித்தார். சபையில் ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். இருநூற்றுப் பதின்மூன்று ‘ஆம்’ வந்திருக்கிறது. இந்த ஒருவரால் நூறு சதவீதம் தடைபட்டு நிற்கிறது. பக்கத்து ஊர்ச் சபையில் தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை என்பதையும் கமிட்டி கவனிக்க வேண்டும். ஓர் உறுப்பினர் எழுந்து, நிச்சயம் இல்லாதவர்களை நிச்சயம் உள்ளவர்களுக்கு நடுவில் புதைத்தால் கடைசி நாளில் எழுப்பும்போது குளறுபடி ஆகாதா என்று கவலைப்பட்டார். இன்னொருவர், அதற்காகவே வரிசை எண் போட்டிருக்கிறோம் என்று அவரைச் சமாதானப்படுத்தினார். மூன்றாவது ஆள் தற்காலிகமாகப் புதைத்து வைக்கலாமே என்றார். அது பதிவாயிற்று.

கடைசியில், மனுதாரர் ஏதாவது சொல்லலாம், இரண்டு நிமிடம் என்றார் செயலாளர்.

லிஃப்ட்காரர் மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. எழுந்து நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு நிச்சயம் இல்லீங்க. இல்லைன்னும் நிச்சயம் இல்ல. எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது ஒண்ணுதான். எனக்குப் பயமா இருக்கு. புதன்கிழமையை நினைச்சா பயமா இருக்கு. அவ பக்கத்துல இடம் இல்லாமப் போயிருமோன்னு அதைவிடப் பயமா இருக்கு. அதுக்கு ஒரு கட்டம் இருந்திருந்தா உடனே டிக் போட்டிருப்பேன்.”

ஒரு நிமிடம் மீதம் இருந்தது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. செயலாளர் தீர்மானத்தை எடுத்தார். மனுதாரரின் இடத்தை ரத்து செய்வதென்று முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார், தேதி மட்டும்தான் பாக்கி. அப்போது தலைவர் செருமினார். எட்டுப் பேனாக்கள் எழுந்தன. தலைவர் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் இல்லாததால் எப்படிப் போவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு பேர் மட்டும் மேஜைக்கு இருபுறமும் இருந்தார்கள். தலைவர் வெகு நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் லேசாக ஆடின. அதட்டப் போகிறார் என்று லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“அந்தக் கட்டத்தை வெறுமையா விடலாம்னு எனக்குத் தோணவே இல்ல” என்றார் தலைவர்.

லிஃப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஒன்பதாவது கேள்வி செயலாளர் போட்டதில்ல. நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஏன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல.” தலைவர் குரலைத் தாழ்த்தினார். “எண்பத்தொண்ணு ஆச்சு. படுக்கப் போனா, எழுந்திருப்போமான்னு இருக்கு. யார்கிட்டப் போய்ச் சொல்றது? நாப்பது வருஷமா இந்தச் சபைல மத்தவங்களுக்குத் தைரியம் சொன்னவன் நான். அத்தனை பேரும் ஆம்னு எழுதித் தந்தா, அதைப் பார்த்தாவது எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்னு நினைச்சேன். ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். இருநூத்திப் பதிமூணையும் பார்த்தேன். அதுல ஒண்ணு என்னுது. தைரியம் வரல.”

லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய்த் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலைவர் படிவங்களின் கட்டுக்குள்ளிருந்து தன்னுடையதைத் தேடி எடுத்தார். ஒன்பதாவது கேள்வியில் இருந்த டிக்கை நாலைந்து முறை அழுத்தி அடித்தார். பேப்பர் கிழிந்தது. பிறகு செயலாளரைக் கூப்பிட்டார்.

செயலாளர் வந்து கிழிந்த படிவத்தைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இப்ப வெறுமையா ரெண்டு இருக்கு. அவர் இடத்தை எடுத்தா என் இடத்தையும் எடுக்கணும். என் வீட்டம்மாவும் அந்தக் கிழக்குச் சுவர்லதான் இருக்கா” என்றார் தலைவர். “அந்தத் தீர்மானத்தைக் கிழிச்சிருங்க. ஒன்பதாவது கேள்வியையும் எடுத்துருங்க.”

செயலாளர் வாயைத் திறந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி ஏதோ தொடங்கினார், பாதியில் மென்று முழுங்கினார். தீர்மானத்தைக் கிழித்தார். கிழிப்பதற்கு முன் ஓரத்தை நேராக மடித்துக்கொண்டார். ஆனால் வெளியே போகாமல், இன்னும் ஏதோ உத்தரவு வர வேண்டியிருப்பது போலக் கதவருகிலேயே நின்றார்.

தலைவர் அவரைக் கவனிக்கவில்லை. “ஜெபம் பண்ணிட்டுப் போலாமா?” என்று லிஃப்ட்காரரிடம் கேட்டார். “நீங்க பண்ணுங்க. எனக்குப் பழைய வார்த்தையெல்லாம் வாயில வந்து நிக்கும். இன்னிக்கு அது வேணாம்.”

லிஃப்ட்காரர் நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணிப் பழகாதவர். கண்ணை மூடினார். பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த கையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு பிடித்துக்கொண்டார்.

“ஆண்டவரே, எங்களுக்குப் பயமா இருக்கு. கூட இருங்க. ஆமென்.”

அறையில் மூன்று ஆமென் கேட்டது. மூன்றாவது செயலாளருடையது. அதுதான் மற்ற இரண்டையும்விடச் சத்தமாக இருந்தது.